உங்கள் ஃப்ளாப்பிகளைப் படியெடுக்கக் கொடுங்கள்
தமிழ் மென்பொருள் எழுதிய முதல் தலைமுறைக்கு ஒரு திறந்த மடல்

1980களிலும் 90களிலும் தமிழுக்காக மென்பொருளும் எழுத்துருவும் விசைப்பலகை நிரலும் எழுதிய ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,



உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. மென்பொருள் தொடங்கும்போது இரண்டு நொடி வந்து மறையும் முதல் திரையில் உங்கள் பெயர்களைப் படித்திருக்கிறேன். 90களில் ஒரு டிடிபி மையத்தில் உட்கார்ந்து, பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் கும்பாபிஷேக மலரும் அடித்துக் கொடுத்துப் பிழைப்பைத் தொடங்கியவன் நான். அன்று என் திரையில் வந்த ஒவ்வொரு எழுத்தும் உங்களில் யாரோ ஒருவர் புள்ளி புள்ளியாக, வளைவு வளைவாக வரைந்தது. இப்போது ஓய்வு நேரத்தில் பழைய ஃப்ளாப்பிகளைப் படியெடுத்து வைக்கிறேன். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் எழுதிய மென்பொருளின் வட்டுகள் பரணிலோ பீரோவிலோ இருந்தால், அவற்றைப் படியெடுக்கக் கொடுங்கள். கூடவே, அதை யாரும் உலாவியில் இயக்கிப் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிட்டது. இந்த இரண்டும் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கின்றன.

வழி பிறந்துவிட்டது என்று சொன்னதை விளக்க வேண்டும். உங்களுக்குக் கணினி பற்றிச் சொல்வது குருவுக்கே பாடம் எடுப்பது போலத்தான். ஆனால் உங்களில் பலர் இந்தத் துறையை விட்டே பல காலம் ஆகிவிட்டது. இடையில் நடந்தது தெரியாமல் இருக்கலாம். 2002இல் டாஸ்பாக்ஸ் வந்தது. பழைய பிசியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் அது. அந்தக் காலத்துச் சில்லின் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் செய்துகாட்டும். விஜிஏ அட்டை போலத் திரையில் வரையும். சவுண்ட் பிளாஸ்டர் போல ஒலி எழுப்பும். நம் ஊர்க் கல்லூரிகளில் டர்போ சி++இன் நீலத் திரை இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே டாஸ்பாக்ஸ் தயவில்தான். பிறகு மொசில்லாவில் இருந்த அலோன் சகாய், எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியை எழுதினார். சி, சி++ மொழிகளில் எழுதிய எந்தப் பெரிய நிரலையும் உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டாக அது மாற்றித் தந்தது. எமுலேட்டர்களும் சி, சி++ நிரல்கள்தானே! அவற்றையும் அப்படியே உலாவிக்குள் இறக்கிவிட்டார்கள். 2017இல் பெரிய உலாவிகள் எல்லாவற்றிலும் வெப்அசெம்பிளி வந்தபின் வேகமும் கூடிவிட்டது.

இதை வைத்து, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் 2013 அக்டோபரில் பழைய மென்பொருள்களை இணையப் பக்கத்திலேயே ஓட விட்டது. முதல் வரிசையிலேயே விசிகால்க் என்ற விரிதாள் நிரல் இருந்தது. 2015 ஜனவரியில் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டுகள் சேர்ந்தன. 2016இல் விண்டோஸ் 3.1 நிரல்கள் ஆயிரத்துக்கு மேல் வந்தன. எதையும் நிறுவ வேண்டாம், ஃப்ளாப்பி டிரைவ் தேட வேண்டாம். படத்தைச் சொடுக்கினால் ஃப்ளாப்பியின் முழு நகல் இறங்குகிறது. 1.44 எம்பி என்பது இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. சில நொடிகளில் மென்பொருள் எழுந்து நிற்கிறது. ஃப்ளாப்பியோடு வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்தாலும் கவலையில்லை. 1986இல் லாகூரில் பிறந்து நம் வட்டுகளையெல்லாம் சுற்றிவந்த பிரெய்ன் வைரஸாக இருந்தாலும், உலாவியின் அந்த ஒரு பலகணிக்குள் எழுந்து, அதை மூடியதும் அழிந்துபோகும்.

90களில் நம் ஊர் மெட்ரிக் பள்ளிகளின் கணினி அறைகளில் இருந்த பிள்ளைகளுக்கு டேஞ்சரஸ் டேவையும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவையும் தெரியாமல் இருக்காது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய், ஜிடபிள்யூ பேசிக் பயிற்சியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஆசிரியர் பார்க்காத நேரத்தில் ஆடியவை. இன்று அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றை உலாவியில் ஆடுகிறார்கள். முதல் கட்டத்தில் கால் தவறி முள்ளில் விழுவதும் அப்படியேதான் இருக்கிறது. யூடியூபில் காணொளியாகப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆடியவர்கள் அறிவார்கள். விசையை விட்ட பிறகு இளவரசன் ஓர் அடி தாமதித்துத்தான் நிற்பான். அந்தத் தாமதம்தான் அந்த விளையாட்டு.

விளையாட்டுகள் ஏன் பிழைத்தன என்று யோசித்துப் பாருங்கள். படிகள் ஏராளமாக இருந்தன. ஒருவர் வட்டு கெட்டால் இன்னொருவரிடம் இருந்தது. இதில் கசப்பான உண்மை ஒன்று உண்டு: ஆப்பிள் II கணினியின் எத்தனையோ நிரல்கள், பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகச் சுற்றிய படிகளாக மட்டுமே பல ஆண்டுகள் பிழைத்திருந்தன. முன்திரையில் உடைத்தவரின் பட்டப்பெயர் இருக்கும். எழுதியவரின் பெயர் அழிந்திருக்கும்.

தமிழ் மென்பொருளுக்கு அந்தத் திருட்டுப் பாதுகாப்புகூட முழுதாக வாய்க்கவில்லை. பரவலான சில எழுத்துருக்கள் ஊரெங்கும் பரவின, உண்மைதான். ஆனால் ஒரு மாவட்டத்து அச்சகங்களுக்கு மட்டும் ஒருவர் செய்து கொடுத்த எழுத்துரு, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதிய தமிழ்க் கணக்கு நிரல், ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களுக்காக எழுதிய எழுத்துப் பயிற்சி, இவற்றுக்கு எத்தனை படிகள் இருந்திருக்கும்? பல நேரம் நீங்கள் வைத்திருக்கும் வட்டுதான் உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே படி. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கே இந்த நிலை வந்தது. கோடிக்கணக்கானோர் அறிந்த அந்த விளையாட்டின் 1989ஆம் ஆண்டு ஆப்பிள் II மூலநிரலை, அதை எழுதிய ஜோர்டன் மெக்னரே தொலைத்துவிட்டிருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியை ஒழுங்கு செய்தபோது ஃப்ளாப்பிகள் இருந்த ஒரு பெட்டி கிடைத்தது. இன்டர்நெட் ஆர்க்கைவின் ஜேசன் ஸ்காட்டும் பழைய ஆப்பிள் கணினிகளை நன்கறிந்த டோனி டயஸும் வந்து, ஒரே நாளில் அதைப் படியெடுத்தார்கள். அந்த அப்பாதான் விளையாட்டுக்கு இசையமைத்தவர். மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்துத்தான் இளவரசனின் அசைவுகளை வரைந்தார். ஒரு வீட்டுக்குள் பிறந்தது ஒரு வீட்டுக்குள்ளேயே மிஞ்சியிருந்தது. கிடைத்ததை அவர் பெட்டியில் திரும்ப வைத்துப் பூட்டவில்லை. உலகமே படிக்கும்படி வெளியிட்டார்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

“யூனிகோடு வந்துவிட்டது, எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் இருக்கிறது. எங்கள் பழைய குப்பையை யார் பார்க்கப்போகிறார்கள்?” என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் குப்பை என்று சொல்வதில் எவ்வளவு பொறியியல் இருக்கிறது என்று உங்களுக்கே மறந்துவிட்டதோ?

டாஸ் காலத்து உரைத் திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த அகலம் எட்டுப் புள்ளி. ஆங்கிலத்துக்கு அது போதும். ‘ஞ’வையும் ‘ண’வையும் எட்டுப் புள்ளிக்குள் நிற்க வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். சிலர் உரைத் திரையையே விட்டுவிட்டு வரைகலைத் திரையில் எழுத்துகளை வரைந்தீர்கள். அப்போது இயந்திரம் மெதுவானது. அதை வேகப்படுத்த அசெம்பிளியில் இறங்கினீர்கள். விண்டோஸ் வந்தபோது இன்னொரு கணக்கு. 256 இடங்களில் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொள்ள, மீதிப் பாதிக்குள் தமிழை அடக்க வேண்டும். எந்தக் கூட்டெழுத்துக்குத் தனி இடம், எதைத் துணைக்காலும் கொம்பும் சேர்த்து உருவாக்குவது என்று ஆளுக்கொரு முடிவு எடுத்தீர்கள். 90களின் பிற்பகுதியில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி வாதாடித் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். அதில் ‘இ’ எழுத்து 173ஆம் இடத்தில் இருந்ததும், சில நிரல்கள் அந்த இடத்தைக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு என்று எடுத்துக்கொண்டு ‘இ’யை விழுங்கிவிட்டதும், பிறகு அதற்கு வேறோர் இடமும் ஒதுக்க நேர்ந்ததும் உங்களில் சிலருக்கு நேற்று நடந்தது போல நினைவிருக்கும். 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடுக்கும் டேஸ்16 குறியீட்டுக்கும் மாறியது. ஒரு மொழி கணினிக்குள் நுழைந்த வரலாறு இது. அதன் முதல் சான்றுகள் உங்கள் வட்டுகளில் இருக்கின்றன. 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு, கனடாவில் கே. சீனிவாசன் செய்த ஆதமி, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்துகொண்டே கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு, ஈழத்தமிழர் இருந்த இடமெல்லாம் போன பாமினி. பெயர் பெற்றவற்றையாவது யாராவது தேடுவார்கள். பெயர் பெறாத நூற்றுக்கணக்கானவற்றைப் பற்றித்தான் என் கவலையெல்லாம்.

ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால் சேதத்தின் அளவு புரியும். 1994இல் தட்டிய ஒரு கோயில் தல வரலாற்றுக் கோப்பை இன்று திறந்தால், கேள்விக்குறியும் பிறைக்குறியும் ஆங்கில எழுத்துகளும் கலந்த ஒரு கஞ்சி. எந்த எழுத்துருவில் தட்டியதோ அது இருந்தால் மட்டும் அது தமிழாகும். பரவலான எழுத்துருக்களை யூனிகோடாக மாற்ற மாற்றிகள் உண்டு. ஒரே ஊரில், ஒரே அச்சகத்தில் புழங்கிய எழுத்துருவுக்கு மாற்றி எங்கிருந்து வரும்? அந்த எழுத்துருக் கோப்பே அதன் அகராதி. அது போனால் அதில் தட்டிய அத்தனையும் போகும். கவிஞர்களின் கைப்பிரதி, சிற்றிதழ்களின் பக்கங்கள், சங்கங்களின் ஆண்டறிக்கை எல்லாமும்தான். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’, ‘றா’ வடிவங்களை எந்தெந்த எழுத்துருக்கள் எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தன என்று நாளைக்கு ஒருவர் ஆராயப் புகுந்தால், அவருக்கும் இவைதான் ஆவணம்.

எழுத்துருவை மட்டும் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கோப்பைப் படிக்க அது போதும். மென்பொருளைப் புரிந்துகொள்ளப் போதாது. ‘கொ’ என்று தட்ட, தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று வாங்கிய நிரல்கள் இருந்தன. ஆங்கில ஒலிப்பில் தட்டினால் போதும் என்றவை இருந்தன. தவறாகத் தட்டியபோது பின்நகர் விசை ஒரு துண்டை அழித்ததா, முழு எழுத்தையும் அழித்ததா என்பதில்கூட உங்களுக்குள் வேறுபாடு இருந்தது. அச்சகத்தில் எட்டாவது படித்துவிட்டு வந்த அக்கா ஒருத்தி எந்த நிரலில் எவ்வளவு வேகமாகத் தட்டினாள், எதில் திணறினாள் என்பதெல்லாம் இந்தச் சின்ன முடிவுகளைப் பொறுத்தது. திரையின் படத்தையும் கையேட்டையும் எவ்வளவு சேர்த்து வைத்தாலும் இது தெரியாது. விரல் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மென்பொருள் ஓட வேண்டும். ஒருவர் தன் வீட்டிலிருந்தே, விண்டோஸ் 3.1 எழுந்து, உங்கள் எழுத்துரு ஏறி, உங்கள் விசைப்பலகையில் ‘அம்மா’ என்று தட்டிப் பார்க்க முடிகிற நாளை எண்ணிப் பாருங்கள். அதற்கான பொறி முழுதும் தயாராக இருக்கிறது.

தடைகளும் உண்டு; மறைக்க மாட்டேன். அவற்றை நீக்கவும் நீங்கள்தான் வர வேண்டும். முதல் தடை, டாங்கிள். கணினியின் பின்பக்கம் பிரிண்டர் இணைக்கும் இடத்தில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் என்று வைத்திருந்தீர்களே, அந்தப் பூட்டு. எமுலேட்டரில் அதைச் செருக இடமில்லை. டாங்கிளும் உடைந்து, செய்து கொடுத்த கடையும் மூடிய பிறகு, முறையாகக் காசு கொடுத்து வாங்கியவரால்கூட அதை இயக்க முடியாது. உடைந்த டாங்கிள் உள்ள மென்பொருளின் பூட்டைத் திறக்க அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே 2003இல் விலக்கு அளித்தது. பூட்டுக் கேட்காத ஒரு பதிப்பு உங்களிடம் நிச்சயம் இருக்கும். வேலை செய்யும்போது நீங்களே அதைத்தானே வைத்திருந்திருப்பீர்கள். அதைத் தேடிக் கொடுங்கள். இரண்டாவது, வன்பொருள் அட்டை. ஜிஸ்ட் அட்டை போல, இந்திய மொழி எழுத்துகளை வன்பொருளிலேயே வைத்திருந்த அட்டைகளை டாஸ்பாக்ஸ் அறியாது. அப்படிப்பட்ட அட்டையை நம்பி எழுதியிருந்தால், அட்டையோடு என்ன பேசினீர்கள் என்ற குறிப்பும் வேண்டும். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் இருந்தாலும் போதும். மூன்றாவது, அச்சு. ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸில் தமிழை அடிக்க நீங்கள் பட்ட பாட்டை உலாவியில் காட்டுவது கடினம். அன்று எடுத்த அச்சுத்தாள் ஏதாவது இருந்தால் அதையும் எறியாதீர்கள்.

அடுத்தது அனுமதி. இதை எழுதும்போது உங்கள் பழைய காயத்தைத் தொடுகிறேன் என்று தெரிந்தே எழுதுகிறேன். நீங்கள் மாதக்கணக்கில் வரைந்த எழுத்துருவை, ஒரு ஃப்ளாப்பியில் போட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துப் போனார். அவரிடமிருந்து அடுத்தவர். ஊரில் அச்சான அழைப்பிதழ் எல்லாம் உங்கள் எழுத்து. உங்கள் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. உங்களில் சிலர் அந்த வேதனையிலேயே இந்தத் தொழிலை விட்டீர்கள். அப்போது கேட்காமல் எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். அதனால்தான் இப்போது கேட்டு வாங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். உங்கள் கையெழுத்து இல்லாமல் உங்கள் மென்பொருளை எங்கும் ஏற்றக் கூடாது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதியவர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் உரிமை தொடரும். இலங்கை, சிங்கப்பூர், கனடாவில் 70, மலேசியாவில் 50. முப்பது வயதில், 1990இல், ஒரு தமிழ்ச் சொற்செயலியை இங்கே எழுதியவர் எண்பது வயது வரை வாழ்ந்தால், அதன் உரிமை 2100 முடியும்வரை நிற்கும். ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு அத்தனை காலம் நிற்காது. உங்களுக்குப் பிறகு உரிமை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் போய்விடும்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பாருங்கள். 2010க்கு முன் அங்கே வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளர்களுக்கு இயக்கிக் காட்ட அனுமதி கேட்டன. பெரிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அங்கே உரிமை பல கைமாறி, நிறுவனங்களிடமும் வழக்கறிஞர்களிடமும் இருக்கிறது. தமிழ் மென்பொருளில் பெரும்பாலும் அப்படியில்லை. எழுதியவர் ஒருவர், அல்லது இரண்டு நண்பர்கள், அல்லது கணவனும் மனைவியும். உங்களில் பலர் இன்றும் எங்களோடு இருக்கிறீர்கள். அமெரிக்க நூலகங்களால் வாதாடியும் வாங்க முடியாத ஒன்றை, ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து எழுதும் ஒரு பக்கக் கடிதத்தால் நீங்கள் தந்துவிடலாம். இந்த வாய்ப்பு நமக்கு என்றைக்கும் இருக்காது.

உரிமை தன்னிடம் இல்லை என்று தயங்குபவர்களுக்கு டான் பிரிக்லினைச் சொல்வேன். விசிகால்க்கை 1979இல் பாப் பிராங்ஸ்டனோடு சேர்ந்து உருவாக்கியவர். பின்னாளில் உரிமை லோட்டஸ் நிறுவனத்திடம் போய்விட்டது. அவர் அவர்களிடமே அனுமதி கேட்டு, ஐபிஎம் பிசிக்கான விசிகால்க்கைத் தன் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தார். முழு நிரலும் 28 கேபிக்குள். கேட்டதால் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பழைய எம்எஸ்-டாஸின் மூலநிரலை 2014இலும், ஜிடபிள்யூ பேசிக்கின் மூலநிரலை 2020இலும் வெளியிட்டுவிட்டது. நாம் படித்த பேசிக்கே திறந்து கிடக்கும்போது, அதில் நாம் எழுதியவை பூட்டிக்கிடக்க வேண்டுமா?

மூலநிரலைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் வேண்டாம். ஓடும் நிரல் போதும். இன்னும் விற்பனையில் இருக்கும் மென்பொருள் என்றால் முதல் ஓரிரு பதிப்புகளை மட்டும் கொடுங்கள். அது இன்றைய விற்பனையைத் தொடாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 1984இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் பிபிசி மைக்ரோ கணினிகளை இந்தியப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அதில் பேசிக் கற்று, பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிய ஆசிரியர்கள் உங்களில் இருக்கக்கூடும். அந்தக் கணினியும் இப்போது உலாவியில் ஓடுகிறது. மேட் காட்போல்ட் எழுதிய ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர் அதைச் செய்கிறது. பல்லாங்குழியையோ ஆடுபுலி ஆட்டத்தையோ யாராவது பேசிக்கில் எழுதியிருந்தால், அது வட்டில்கூட இருக்க வேண்டியதில்லை. நோட்டில் எழுதிய நிரல் வரிகள் இருந்தாலே போதும், தட்டி ஓட விடலாம்.

2000களில் ஃப்ளாஷில் எழுத்துப் பயிற்சியும் குழந்தைப் பாட்டும் செய்தவர்கள் தங்களை இந்த மடலுக்கு வெளியே என்று நினைக்க வேண்டாம். 2020 டிசம்பர் 31ஓடு அடோபி ஃப்ளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயரே எதையும் ஓட மறுத்தது. ஆனால் அதற்குள் ரஃபுள் என்ற எமுலேட்டர் வந்துவிட்டது; ஃப்ளாஷ் இல்லாமலேயே அந்தக் கோப்புகளைப் பெருமளவு ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் குறுந்தட்டுகளின் சாயமும் மங்கும். ஃப்ளாப்பிக்காரர்களுக்கு இருக்கும் அவசரம் உங்களுக்கும் உண்டு.

கடைசியாக, கைப்பக்குவம் பற்றி. தயவுசெய்து ஆர்வத்தில் ஃப்ளாப்பியை எடுத்த உடனே டிரைவில் போட்டுவிடாதீர்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதன் படலத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே சுழல விட்டால் படலம் கீறிப்போகும். டிரைவின் தலையும் கெடும். அடுத்துப் போடும் நல்ல வட்டும் கெடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெண்புள்ளிகள் தெரிந்தால் தொடாமல் தனியே வையுங்கள், சுத்தம் செய்யத் தெரிந்தவர் பார்க்கட்டும். மூன்றரை அங்குல வட்டில் மூலையில் உள்ள சிறு கதவை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தால் எழுத்துத் தடை. ஐந்தேகால் அங்குல வட்டில் நேர்மாறு. பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். வட்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கணினி கேட்டால், எத்தனை முறை கேட்டாலும், வேண்டாம் என்றே சொல்லுங்கள். சாதாரண டிரைவ் கைவிட்ட வட்டிலும், காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும் கிரீஸ்வீசில் போன்ற கருவிகள் எதையாவது மீட்கின்றன. எனவே கெட்டுப்போனது என்று நீங்களே முடிவுகட்டி எறிந்துவிட வேண்டாம். வட்டின் மேல் ஒட்டிய சீட்டைப் புகைப்படம் எடுங்கள். கையேடு, விசைப்பலகைப் படம், விலைப்பட்டியல், விளம்பரத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இதையெல்லாம் உங்களால் செய்ய முடியாவிட்டால் வீட்டில் விவரம் அறிந்த ஒருவரிடம், இந்தப் பெட்டி பழைய பேப்பர்காரருக்கு இல்லை என்றாவது இன்றே சொல்லி வையுங்கள்.

அனுமதிக் கடிதத்துக்குச் சட்ட மொழி தேவையில்லை. இன்ன மென்பொருளை இன்ன ஆண்டு நான் எழுதினேன், இதை எவரும் படியெடுக்கலாம், பாதுகாக்கலாம், உலாவியில் இயக்கலாம், விற்கக் கூடாது என்று உங்கள் தமிழில் எழுதித் தேதியிட்டால் நல்ல தொடக்கம். அதன் கீழே ஒரு பத்தி இடம் விட்டு, உங்களோடு வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். எழுத்துக்கு மை வரைவு போட்டுக் கொடுத்த ஓவியர், முதல் பதிப்பைத் தட்டிப் பார்த்துப் பிழை சொன்ன தட்டச்சர், இரவெல்லாம் கூட இருந்து ஃப்ளாப்பியில் படி போட்ட தம்பி. முதல் திரையின் அந்த இரண்டு நொடிகளில் இவர்கள் பெயருக்கு இடம் இருந்ததில்லை. எங்களுக்குச் சொல்ல உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் எழுத்துகளில் தட்டிப் பழகிய ஒரு பழைய டிடிபிக்காரன்